மகத்துக்கு அருகே ஒரு கரிப்புகை: முதிய கார்பன் விண்மீன்களைச் சூழ்ந்த வாயுவின் வேதியியல்

மாசி பிறக்கும் நாட்களில், நள்ளிரவை ஒட்டி, சென்னையில் மொட்டைமாடியில் மல்லாந்து படுத்து நேர் உச்சியைப் பார்ப்பவருக்கு அங்கே எதுவும் தெரியாது. ஐந்து பாகை கிழக்கே தள்ளி மகம் நட்சத்திரம் நீலவெண்மையாக மின்னும். மாசி மகத்தன்று முழுநிலவு அதன் அருகே வந்து நிற்கும்போதுதான் நம் கடற்கரைகளில் தீர்த்தவாரி நடக்கிறது. வெறுமையாகத் தோன்றும் அந்த உச்சிப்புள்ளியில், சுமார் 400 ஒளியாண்டுத் தொலைவில், சிடபிள்யூ லியோனிஸ் என்ற முதிய விண்மீன் ஒன்று தன் மேலுறையை விண்வெளியில் கொட்டிக்கொண்டிருக்கிறது. வான நடுக்கோட்டுக்கு வடக்கே அது ஏறத்தாழ 13 பாகையில் இருக்கிறது. சென்னையின் அட்சரேகையும் 13 பாகைதான். ஆகவே ஒவ்வொரு நாளும் ஒருமுறை அது நம் தலைக்கு நேர் மேலாக, முழுநிலவின் அகலத்தில் பாதிகூட விலகாமல், கடந்து செல்கிறது.

கண்ணுக்குப் புலப்படாததற்குக் காரணம் அதன் மங்கல் அன்று. அதன் ஒளி சூரியனைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. தானே கக்கிய கரிப்புகைக்குள் அது மூழ்கியிருப்பதால் கண்ணுறு ஒளி அனேகமாக முழுவதும் உள்ளேயே விழுங்கப்பட்டு, அகச்சிவப்பாக மட்டுமே வெளியே கசிகிறது. அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு வானத்தை முதன்முறையாக விரிவாக அளந்தபோதுதான், 1969இல், இப்படியொரு விண்மீன் இருப்பதே தெரியவந்தது. ஐந்து மைக்ரான் அலைநீளத்தில் பார்த்தால் சூரியக் குடும்பத்துக்கு வெளியே வானத்தில் மிகப் பிரகாசமான பொருள் இதுவே என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அந்த அளவீட்டுப் பட்டியலில் இதற்குக் கிடைத்த ஐ.ஆர்.சி. +10216 என்ற எண்தான் வானியலாளர்களிடையே இன்றும் பெயராக வழங்குகிறது. விண்வெளியில் இதுவரை இனம்காணப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளில் எண்பதுக்கும் மேற்பட்டவை இந்த ஒரே விண்மீனின் சுற்றுப்புறத்தில் அகப்பட்டிருக்கின்றன. இத்தனை வளமான வேதியியல் அங்கே எப்படி வந்தது என்பதற்கு விடை, பெரும்பகுதி, ஒரு சிறிய கழித்தல் கணக்கில் இருக்கிறது.

கணக்குக்கு முன் கார்பன் வந்த வழியைச் சொல்லிவிட வேண்டும். சூரியனைப் போல ஏறத்தாழ ஒன்றரை முதல் நான்கு மடங்கு நிறையுள்ள ஒரு விண்மீன், தன் மையத்தில் ஹைட்ரஜனையும் பிறகு ஹீலியத்தையும் எரித்து முடித்ததும், பூமியின் சுற்றுப்பாதையையே விழுங்கிவிடும் அளவுக்குப் பருத்துச் சிவக்கிறது. மையத்தில் எரிந்து முடிந்த கார்பனும் ஆக்சிஜனும் இறுகிக் கிடக்க, அதைச் சுற்றிய மெல்லிய ஹீலிய அடுக்கு பல ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை திடீரெனப் பற்றி எரிந்து அடங்குகிறது. மூன்று ஹீலிய அணுக்கருக்கள் சேர்ந்து ஒரு கார்பன் கருவாகும் இந்த எரிப்புக்குப் பிறகு, மேலுறையின் கொந்தளிப்பு ஆழத்துக்கு இறங்கி, புதிதாக விளைந்த கார்பனை அள்ளி மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. ஏதோ கணினிக் கணிப்பு என்று இதை ஒதுக்க முடியாதபடி ஒரு நேரடிச் சாட்சி உண்டு. 1952இல் வானியலாளர் பால் மெரில் இத்தகைய சில விண்மீன்களின் நிறமாலையில் டெக்னீசியம் என்ற தனிமத்தைக் கண்டார். இவ்விண்மீன்களில் விளையும் டெக்னீசியம்-99இன் அரை ஆயுள் ஏறத்தாழ 2,10,000 ஆண்டுகள் மட்டுமே; விண்மீனின் வயதோ நூறு கோடி ஆண்டுகளில் எண்ணப்படுவது. பிறக்கும்போது உடன் வந்த டெக்னீசியமாக இருந்தால் எப்போதோ அழிந்திருக்கும். அண்மையில் உள்ளே விளைந்து, மேலே அள்ளி வரப்பட்டிருந்தால்தான் அது கண்ணில் படும்.

இனி அந்தக் கழித்தல். புதுப்பேட்டையிலோ அம்பத்தூரிலோ ஒரு கேஸ் வெல்டிங் பட்டறை வாசலில் சற்று நேரம் நின்றவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. வெல்டர் முதலில் அசிட்டிலீனை மட்டும் திறந்து பற்றவைப்பார். மஞ்சளாக எரியும் அந்தச் சுடரிலிருந்து கறுப்பு நூல்களாகக் கரி பறந்து பக்கத்தில் நிற்பவர் சட்டையில் ஒட்டும். பிறகு ஆக்சிஜன் திருகைத் திறக்கத் திறக்கக் கரி மறைந்து, சுடர் நீலமாகக் கூர்மையடையும். எரிவது ஒரே வாயுதான். கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள விகிதம் ஓர் எல்லையைத் தாண்டியதும் விளைபொருளே மாறிவிடுகிறது. விண்மீனின் வளிமண்டலத்தில் எரிதல் என்று எதுவும் நடப்பதில்லை என்பதால் உவமை முழுவதும் பொருந்தாது. இருந்தாலும், விகிதம் தாண்டும் அந்த எல்லை இரண்டு இடத்திலும் உண்டு.

கார்பன் மோனாக்சைடில் கார்பனையும் ஆக்சிஜனையும் பிணைக்கும் பிணைப்பு, ஈரணு மூலக்கூறுகளிலேயே மிக வலுவானது. அதை முறிக்க ஒரு மோலுக்கு 1072 கிலோஜூல் வேண்டும். காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறு எளிதில் வினைபுரியாது என்று பள்ளியில் படிக்கிறோம். அதற்கே 945 போதும். ஆகவே இரண்டாயிரத்துச் சொச்சம் கெல்வின் வெப்பத்தில் உள்ள விண்மீன் வளிமண்டலம் வெளிப்புறமாகக் குளிரும்போது, மற்ற மூலக்கூறுகள் உருவாகத் தொடங்கும் முன்பே, கார்பனும் ஆக்சிஜனும் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்து பூட்டிக்கொள்கின்றன. எது குறைவோ அது முழுவதும் அந்தப் பூட்டுக்குள் போய்விடும். எது மிகுதியோ அதில் எஞ்சியது மட்டுமே மேற்கொண்டு வேதியியல் நடத்தக் கிடைக்கும். சூரியனின் கலவையில் பத்து ஆக்சிஜன் அணுக்களுக்கு ஐந்தாறு கார்பன் அணுக்கள். அத்தகைய விண்மீனில் நான்கைந்து ஆக்சிஜன் எஞ்சும். அவை ஹைட்ரஜனோடு நீராகவும், சிலிக்கனோடு சிலிக்கன் மோனாக்சைடாகவும், பிறகு மணலுக்கும் பாறைக்கும் உறவான சிலிகேட் தூசியாகவும் மாறும். அள்ளி வந்த கார்பன் பத்தைத் தாண்டிப் பதினான்காகிவிட்டால், ஆக்சிஜன் பத்தும் பூட்டுக்குள் போய், நான்கு கார்பன் மிஞ்சும். அப்போது நீருக்குப் பதில் அசிட்டிலீனும் ஹைட்ரஜன் சயனைடும் கார்பன் மோனோசல்பைடும் உருவாகின்றன. சிலிகேட்டுக்குப் பதில் கரியும் சிலிக்கன் கார்பைடும் படிகின்றன. இப்படிக் கார்பன் மிஞ்சிய விண்மீனே கார்பன் விண்மீன். ஆரம்பக் கலவையில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் இந்த எல்லையைத் தாண்டுவது எளிது. மெகல்லன் மேகங்கள் போன்ற, கன தனிமங்கள் குறைந்த சிறு விண்மீன் திரள்களில் கார்பன் விண்மீன்கள் விகிதத்தில் மிகுந்து காணப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

எல்லையின் இரு பக்கத்துக்கும் சென்னையிலிருந்தே எடுத்துக்காட்டுச் சொல்லலாம். நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த மதராஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். சென்னையிலிருந்து பார்த்தால் தென் அடிவானுக்கு மேல் 14 பாகைக்கு மேல் எழாத அந்த விண்மீன், ஆக்சிஜன் மிகுந்த பக்கத்தைச் சேர்ந்த முதிய சிவப்பு விண்மீன். மறுபக்கத்துக்கு, மார்கழி, தை இரவுகளில் திருவாதிரை ஒளிரும் ஓரியன் மண்டலத்துக்குச் சற்றுத் தெற்கே, முயல் மண்டலத்தில் உள்ள ஆர் லெப்போரிஸைச் சொல்லலாம். 1845இல் ஜான் ரஸ்ஸல் ஹைண்ட் குறித்துவைத்த இது, பிரகாசமாக இருக்கும் மாதங்களில் பைனாகுலரில் கருஞ்சிவப்புத் துளியாகத் தெரியும். அந்த நிறம் வெப்பக்குறைவால் மட்டும் வந்ததன்று. எஞ்சிய கார்பனில் உருவான ஈரணுக் கார்பனும் சயனோஜனும் நீல ஒளியை வடிகட்டிவிடுகின்றன. ஆங்கெலோ செக்கி 1860களில் கார்பன் விண்மீன்களைத் தனி வகையாகப் பிரித்தது இந்த வடிகட்டிய பட்டைகளை வைத்துத்தான்.

வாயு விண்மீனை விட்டு வெளியேறுவதற்கும் அந்த எஞ்சிய கார்பனே வழிசெய்கிறது. முதிய விண்மீன் ஒன்றரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விம்மித் தணிகிறது. ஒவ்வொரு விம்மலும் ஓர் அதிர்ச்சி அலையை அனுப்பி வாயுவை மேலே தூக்குகிறது. தூக்கப்பட்ட வாயு 1500 கெல்வினுக்குக் கீழே குளிரும்போது கரித்துகள்கள் திரள்கின்றன. விளக்கெண்ணெய் விளக்கின் சுடர்மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை எடுத்த வீடுகளில், சுடருக்குச் சற்று மேலே, சூடு தணியும் இடத்தில்தான் கரி பிடிக்கும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரி ஒளியை நன்றாக உறிஞ்சுவதால் விண்மீனின் கதிர் அழுத்தம் துகள்களை வெளியே தள்ளுகிறது. அவை வாயுவையும் மோதி இழுத்துக்கொண்டு போகின்றன. சிலிகேட் தூசி ஏறக்குறைய ஒளிபுகும் தன்மையுடையது என்பதால் ஆக்சிஜன் பக்கத்தில் இது இவ்வளவு எளிதாக நடப்பதில்லை. சிடபிள்யூ லியோனிஸிலிருந்து காற்று நொடிக்குச் சுமார் 14.5 கிலோமீட்டர் வேகத்தில், ஆண்டுக்குச் சூரிய நிறையில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவில் வெளியேறுகிறது. ஏறத்தாழ ஏழு பூமிகளின் நிறை, ஒவ்வோர் ஆண்டும்.

விண்மீனை ஒட்டிய உட்பகுதி ஒரு சூளை. வெப்பமும் அடர்த்தியும் அதிகம் என்பதால் வினைகள் பெரும்பாலும் சமநிலையை எட்டுகின்றன. எந்தத் தனிமம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று தெரிந்தால் எது உருவாகும் என்று காகிதத்திலேயே கணிக்கலாம். அப்படிக் கணிக்கப்பட்டவற்றில் உலோகங்களின் ஹாலைடுகளும் உண்டு. 1987இல் சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, அலுமினியம் குளோரைடு ஆகியவை இங்கே வாயு நிலையில் கண்டறியப்பட்டன. ரசத்துக்குப் போடும் உப்பு, ஒரு விண்மீனின் வாசலில் ஆவியாகத் திரிகிறது. இதே பகுதியைச் சேர்ந்த இன்னொன்று, ஒரு சிலிக்கன் அணுவும் இரண்டு கார்பன் அணுக்களும் கொண்ட மூலக்கூறு. கார்பன் விண்மீன்களின் நிறமாலையில் 1926இலேயே பதிவான சில நீலப் பட்டைகள் யாருடையவை என்பது முப்பது ஆண்டுகள் தெரியாமல் கிடந்தது. 1956இல் ஆய்வகத்தில் அவை இம்மூலக்கூறுக்குரியவை என்று தெரிந்தது. நேர்கோடாக இருக்கும் என்று நம்பப்பட்ட அது உண்மையில் ஒரு முக்கோண வளையம் என்பது 1984இல்தான் உறுதியாயிற்று.

காற்று மேலும் விலகிச் செல்லும்போது அடர்த்தி சரிந்து, மூலக்கூறுகள் ஒன்றையொன்று சந்திப்பதே அரிதாகிறது. வேதியியல் அங்கேயே உறைந்துவிட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் வெகு தொலைவில் அது மறுபடியும் உயிர்பெறுகிறது. பிற விண்மீன்களிலிருந்து வந்து விண்வெளியெங்கும் பரவியிருக்கும் புறஊதா ஒளி, தூசி மெலிந்த புறப்பகுதிக்குள் நுழைகிறது. அசிட்டிலீனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் உதிர்ந்தால் எத்தினில் என்ற, இணைசேரத் துடிக்கும் துணுக்கு உண்டாகும். அது இன்னோர் அசிட்டிலீனைச் சந்தித்தால் நான்கு கார்பன் கொண்ட சங்கிலி. ஹைட்ரஜன் சயனைடு உடைந்தால் சயனோஜன். அது அசிட்டிலீனைச் சந்தித்தால் சயனோஅசிட்டிலீன். இப்படி இரண்டிரண்டாகக் கார்பன் கூடிக்கொண்டே போய் ஐந்து, ஏழு, ஒன்பது கார்பன் நீளமுள்ள சயனைடு சங்கிலிகள் வரை கிடைக்கின்றன. பூமியில் ஒரு குடுவையில் இத்தகைய துணுக்குகளை அடைத்துவைத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து தீர்ந்துவிடும். அங்கே மோதுவதற்கு ஆளில்லாததால் ஆண்டுக்கணக்கில் நிலைக்கின்றன. இதே புறஊதா ஒளியே இன்னும் வெளியே சென்றதும் அவற்றை அழித்தும் விடுகிறது. எனவே சங்கிலி மூலக்கூறுகள் விண்மீனைச் சுற்றி ஒரு மெல்லிய கூடாகத் திரண்டிருக்கின்றன. ரேடியோ படங்களில் அது வளையமாகத் தெரிகிறது. வளையத்தின் ஆரம் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவைப்போல ஏறத்தாழ 2000 மடங்கு. நொடிக்கு 14.5 கிலோமீட்டர் என்றால், இன்று அந்த வளையத்தில் உடையும் அசிட்டிலீன் விண்மீனை விட்டுக் கிளம்பி அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகிறது. கார்பன் மோனாக்சைடு மட்டும் தன் வலுவாலும், தன்னைத் தானே நிழலிட்டுக் காத்துக்கொள்வதாலும், வளையத்தையும் தாண்டி வெகுதூரம் செல்கிறது.

இதையெல்லாம் எப்படி அறிகிறார்கள் என்பதில் ஒரு சிக்கல் உண்டு, அதைத் தாண்டிச் செல்லக் கூடாது. ரேடியோ தொலைநோக்கி பிடிப்பது மூலக்கூறுகள் சுழலும்போது வெளியிடும் அலைகளை. கார்பன் மோனாக்சைடுக்கு 115.27 கிகாஹெர்ட்ஸ், ஹைட்ரஜன் சயனைடுக்கு 88.6 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்த அதிர்வெண்கள். ஆனால் இந்த வேதியியலுக்கே தாயான அசிட்டிலீன், இரு முனையும் ஒன்றுபோல இருக்கும் சமச்சீர் மூலக்கூறு என்பதால் ரேடியோவில் ஊமை. அதன் அதிர்வுகளை அகச்சிவப்பில் மட்டுமே காண முடிகிறது. பிள்ளைகளின் குரலைக் கேட்டுத் தாயின் இருப்பைக் கணிக்கும் வேலையாகத்தான் ரேடியோ வானியலாளரின் வேலை இங்கே அமைந்திருக்கிறது.

இனம்தெரியாத குரல்களும் உண்டு. 1995இல் ஜப்பானின் நோபியாமா தொலைநோக்கி இந்த விண்மீனைச் சுற்றி ஒழுங்கான இடைவெளியில் அமைந்த சில நிறமாலைக் கோடுகளை, அதாவது தனித்த அதிர்வெண்களில் வரும் அலைகளை, பதிவுசெய்தது. நீண்ட சங்கிலி ஒன்றின் கோடுகள் என்பது தெளிவாக இருந்தும், தெரிந்த எந்தச் சங்கிலிக்கும் அவை பொருந்தவில்லை. 2006இல் ஹார்வர்டு ஆய்வகத்தில் ஆறு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் கொண்ட, கூடுதலாக ஓர் எலக்ட்ரானைச் சுமக்கும் எதிர்மின் அயனியின் அதிர்வெண்கள் அளக்கப்பட்டபோது புதிர் அவிழ்ந்தது. விண்வெளியில் கண்டறியப்பட்ட முதல் எதிர்மின் மூலக்கூறு அயனி அதுதான். நீண்ட சங்கிலிகள் எலக்ட்ரானை எளிதில் பற்றிக்கொள்ளும் என்று எரிக் ஹெர்ப்ஸ்ட் 1981இலேயே கணித்திருந்தார். தேடுவதற்குத்தான் கால் நூற்றாண்டு ஆயிற்று. அதன்பின் நான்கு, எட்டு கார்பன் சங்கிலிகளின் அயனிகளும் இதே விண்மீனில் அடுத்தடுத்துக் கிடைத்தன.

இந்தச் சங்கிலிகள் பூமியின் வேதியியலையே ஒருமுறை திசைதிருப்பியிருக்கின்றன. கார்பன் விண்மீனின் சூழலில் நீண்ட சங்கிலிகள் உருவாகக்கூடும் என்பதைச் சோதிக்க விரும்பிய ஹாரி குரோட்டோ, 1985இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ஸ்மாலி, ராபர்ட் கர்ல் ஆகியோரோடு சேர்ந்து, லேசரால் கிராஃபைட்டை ஆவியாக்கி ஹீலியத்தில் குளிரவைத்தார். சங்கிலிகளும் கிடைத்தன, கூடவே அறுபது கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவில் மூடிக்கொண்ட ஃபுல்லரீனும் அழைக்காத விருந்தாளியாக வந்து நின்றது. அதற்காக மூவருக்கும் 1996இல் நோபல் பரிசு. விண்வெளியில் அந்தக் கால்பந்து 2010இல்தான், டிசி 1 என்ற கோள்வடிவ நெபுலாவில் உறுதியாகக் காணப்பட்டது. கோள்வடிவ நெபுலா என்பது இப்படி மேலுறையை உதறி முடித்த விண்மீனின் அடுத்த கட்டம்.

இதுவரை சொன்ன கழித்தல் கணக்கு அழகானது. அதனாலேயே அது தவறும் இடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆக்சிஜன் முழுவதும் பூட்டப்பட்ட கார்பன் விண்மீனில் நீர் அனேகமாக இருக்கவே கூடாது. ஆனால் 2001இல் ஸ்வாஸ் என்ற செயற்கைக்கோள் சிடபிள்யூ லியோனிஸில் நீராவியின் ஒரு கோட்டைப் பதிவுசெய்தது. விண்மீன் பருத்துப் பிரகாசமானபோது அதைச் சுற்றியிருந்த கோடிக்கணக்கான வால்மீன்களின் பனி ஆவியாகியிருக்கலாம் என்று முதலில் விளக்கம் சொல்லப்பட்டது. கேட்க இனிமையான விளக்கம். நானும் பல காலம் அதை நம்பினேன். 2010இல் ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி டஜன் கணக்கில் நீர்க்கோடுகளைக் கண்டபோது நிலைமை மாறியது. அவற்றில் சில, மிகச் சூடான நீராவியிலிருந்து மட்டுமே வரக்கூடியவை. அந்த நீர் விண்மீனை ஒட்டியே இருந்தாக வேண்டும், பனி வால்மீன்கள் தங்கக்கூடிய தொலைவில் அல்ல. விண்மீனைச் சூழ்ந்த உறை சீரான புகைமூட்டமாக இல்லாமல் திட்டுத்திட்டாக, இடையிடையே சந்துகளோடு இருந்தால், புறஊதா ஒளி ஆழம்வரை நுழைந்து சில பூட்டுகளை உடைத்து ஆக்சிஜனை விடுவிக்க முடியும் என்பது அப்போது முன்வைக்கப்பட்ட கருத்து. விம்மலின் அதிர்ச்சி அலைகளே உள்ளிருந்து பூட்டுகளை உடைக்கின்றன என்று வாதிடுவோரும், அருகே ஒளிந்திருக்கும் துணை விண்மீன் ஒன்று புறஊதாவைத் தருகிறது என்போரும் உண்டு. ஆக்சிஜன் பக்கத்து விண்மீன்களிலும், இருக்கக் கூடாத ஹைட்ரஜன் சயனைடு காணப்படுகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், எனக்கு ஒன்று படுகிறது: கழித்தல் கணக்கு பெரும்பான்மையைச் சரியாகச் சொல்கிறது, ஆனால் அது சமநிலையின் கணக்கு. விண்மீன் விம்மிக்கொண்டும் உதறிக்கொண்டும் இருப்பதால் சமநிலை முழுமையடைய அவகாசம் கிடைப்பதில்லை.

இந்தப் புகையில் கொஞ்சம் நம் கைக்கும் வந்திருக்கிறது. சிடபிள்யூ லியோனிஸ் அறிவிக்கப்பட்ட அதே 1969ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதன் பொடியை அமிலங்களில் கரைத்துக் கரைத்து, கரையாமல் நின்ற நுண்துகள்களில் சிலிக்கன் கார்பைடு இனம்காணப்பட்டது. சூரியன் பிறக்கும் முன்பே ஏதோ கார்பன் விண்மீன்களின் காற்றில் திரண்ட துகள்கள் அவை. சூரியக் குடும்பத்தில் கார்பன்-13இன் ஓர் அணுவுக்கு கார்பன்-12இன் 89 அணுக்கள் உண்டு. இத்துகள்களில் பெரும்பாலானவற்றில் அந்த விகிதம் 40 முதல் 80 வரை. சிடபிள்யூ லியோனிஸின் வாயுவில் அது சுமார் 45. அத்துகள்களைத் தனித்தனியே எடுத்து அளந்தபோது, ருத்தேனியம்-99 எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருப்பது 2004இல் தெரியவந்தது. டெக்னீசியம்-99 சிதைந்தால் கிடைப்பது அந்த ருத்தேனியம்தான். மெரில் தொலைநோக்கியில் கண்ட தனிமம், துகள் திரளும்போது உயிரோடு உள்ளே சிக்கி, பிறகு அங்கேயே சிதைந்து முடிந்திருக்கிறது.